ஏழு முறை நின்ற கார்

என் மனைவி நாற்பத்து மூன்றாம் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். 2011-ஆம் ஆண்டு, சாரல் தொடங்குவதற்குச் சற்று முன்னால். அவள் ஆசிரியையாக இருந்த ஆரம்பப் பள்ளி குலசேகரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனால் அந்த வருடம் அவளுக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வரும் என்றும், வந்தால் திற்பரப்பைத் தாண்டி மலைப்பக்கம் இருக்கும் ஒரு பள்ளிதான் கிடைக்கும் என்றும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். அந்தப் பக்கம் போகும் முதல் பஸ் பள்ளி வாசலில் நிற்கும்போது பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போயிருப்பார்கள். கார் ஓட்டினால்தான் அந்தப் பதவி அவளுக்கு.

கார் எங்களிடம் இருந்தது. 2004-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. வாங்கும்போதே அதற்கு ஆறு வயது. பெட்ரோல் வண்டி, உள்ளே கம்ப்யூட்டர் வைத்து வந்த முதல் வகைகளில் ஒன்று. என்ஜின் எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு சென்சார், எவ்வளவு சூடு என்று சொல்ல ஒன்று, எவ்வளவு காற்று போகிறது என்று சொல்ல இன்னொன்று. ஒவ்வொரு சென்சாரையும் வயரோடு சேர்ப்பது பெருவிரல் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கப்ளர். பதின்மூன்று வருடம் என்ஜின் சூட்டில் கிடந்து அந்தக் கப்ளர்கள் பழுப்பேறிப் போயிருந்தன.

நான் அப்போது ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வீட்டிலிருந்து அலுவலகம் இரண்டு கிலோமீட்டர். எனக்கு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டு. காருக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். எந்த நாளில் எந்தப் பாகம் மாற்றினேன், அப்போது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, எல்லாம் அதில் இருக்கும்.

மே மாதக் கடைசியில் காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு வண்டி அடம்பிடித்தது. என்ஜின் சுற்றைப் பார்க்கும் சென்சார் போய்விட்டது என்று தெரிந்து, மார்த்தாண்டத்தில் புதியது வாங்கி வந்து நானே மாற்றினேன். பழைய சென்சாரிலிருந்து கப்ளரைக் கழற்றும்போது அதன் பூட்டு நாக்கு பட்டென்று ஒடிந்து கையோடு வந்தது. நாக்கு இல்லாவிட்டால் கப்ளர் தானாகக் கழன்றுவிடும். வேறு கப்ளர் தேடிப் போக அன்றைக்கு நேரமில்லை. எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் டின்னில் ரப்பர் பால் இருந்தது, கெட்டுப்போகாமலிருக்க அம்மோனியா சேர்த்த பால். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் ஊற்றி, ரப்பர் ஷீட் உறைய வைப்பதற்கு விடும் ஆசிடில் இரண்டு சொட்டு விட்டு, கோழி இறகால் கப்ளரைச் சுற்றிப் பூசினேன். எங்கள் பக்கத்தில் ரப்பர் பாலை எதற்குத்தான் பூசாமல் இருந்தார்கள்? ஓட்டை வாளிக்குப் பூசுவார்கள், குடைக் கிழிசலுக்குப் பூசுவார்கள். அது உறைந்து வெள்ளையாக, உறுதியாக, அழகாகவே இருந்தது. நோட்டில் எழுதினேன்: கிராங்க் சென்சார் மாற்றம். கப்ளர் ரப்பர் பால் கொண்டு நிலைநிறுத்தப்பட்டது. திருப்தி.

ஜூன் முதல் வாரத்திலிருந்து மாலையில் அவள் தனியாக ஓட்டிப் பழகினாள். பள்ளி விட்டு வந்து, ஒரு காப்பி குடித்து, நான் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்திய காரை எடுத்துக்கொண்டு அந்த மலைப் பள்ளி வரை போய்த் திரும்புவாள். நான் தவிப்போடு வாசலில் நின்று பார்ப்பேன். சாரலில் நனைந்த ரோட்டில் காரின் பின்விளக்குகள் இரண்டும் ரப்பர் மரங்களுக்கு நடுவே சின்னதாகிக்கொண்டே போகும். மரங்கள் வரிசையாக நிற்பதால், கார் போகிறதா மரங்கள் நகர்கின்றனவா என்று ஒரு கணம் பிடிபடாது.

நான்காம் நாள் போன் வந்தது. திற்பரப்பு தாண்டி ஏற்றத்தில் ஒரு வளைவு, வளைவில் ஒரு டீக்கடை. அங்கே கார் நின்றுவிட்டது.

"ஒண்ணும் செய்யல. தானா நின்னுட்டு" என்றாள்.

ஸ்கூட்டரில் போனேன். போய்ச் சேர இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது.

"இரண்டாம் கியர் போட்டதும் கிளட்ச்ச வெடுக்குன்னு விட்டிருப்ப" என்றேன்.

"விடல."

"ஏற்றத்துல ஆக்சிலேட்டர் பத்தாம இருந்திருக்கும்."

அன்றிரவு நோட்டில் எழுதினேன்: ஏற்றத்தில் நின்றது. கிளட்ச் பழக்கம் போதாது. என் கையில் உடனே ஸ்டார்ட் ஆனது.

அடுத்த மூன்று வாரத்தில் மேலும் ஆறு முறை நின்றது. எல்லாமே அந்த வளைவுக்கு முன்னும் பின்னுமாக. ஒவ்வொரு முறையும் அவள் போன் செய்வாள், நான் ஸ்கூட்டரில் போவேன், சாவியைத் திருப்புவேன், பிடிக்கும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு ஏதாவது முன்கூட்டி எரிந்ததா என்று கேட்டேன். நின்ற பிறகு எல்லா விளக்கும் எரிந்தன என்றாள். என்ஜின் நின்றால் எல்லா விளக்கும் எரியத்தான் செய்யும். அதையும் எழுதி வைத்தேன்.

டீக்கடைக்காரர் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டார். ஐந்தாம் முறை நான் போய் இறங்கும்போது அவள் கடை பெஞ்சில் குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சரக் கண்டா பிள்ளையெல்லாம் எந்திச்சு நிக்கும், பாத்திருக்கேன்" என்றார் கடைக்காரர். "இப்பம் வண்டியும் நிக்குது. நல்ல மரியாத தெரிஞ்ச வண்டியாக்கும்."

பெஞ்சிலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் டீ குடித்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது ஸ்கூட்டரைக் கடையில் விட்டுவிட்டு நான்தான் ஓட்டினேன். இறக்கத்தில் குளிர்ந்த காற்றில் கார் ஒரு குறையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

பதவி உயர்வு ஆணை ஜூலை தொடக்கத்தில் வந்தது. ஏற்கிறேன் அல்லது வேண்டாம் என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் பெயர் மறுபடி எப்போது பட்டியலில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஒரு தாள் இருந்தது. அவளுடைய குண்டு கையெழுத்து. குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பதவி உயர்வைத் துறக்கிறேன் என்று இருந்தது.

"இருபத்தி ரெண்டு வருசம் சர்வீஸு" என்றேன்.

"நடு ரோட்டுல நின்னு எல்லாரும் பாத்துச் சிரிக்கதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. தெனமும் நீங்க ஸ்கூட்டர்ல வருவியளா?"

"வண்டிய ஒருக்கா நல்ல ஆள்ட்ட காட்டிருவோம்."

"வண்டியக் காட்டி என்ன. உங்க கையில ஓடுதுல்லா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் மறுநாள் காலையில் நான் காரை எடுத்துக்கொண்டு கருங்கலுக்குக் கிளம்பினேன். அங்கே ஒருவர், பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் கார் வயரிங் வேலை மட்டுமே செய்துவிட்டுத் திரும்பி வந்து ஷெட் போட்டிருந்தார். சந்தேகம் வண்டி மேல் இல்லை. வண்டியில் குறையில்லை என்று ஒரு நிபுணர் வாயால் கேட்டால் அவளுக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

மே மாதத்துக்குப் பிறகு நான் அந்தக் காரில் அவ்வளவு தூரம் போவது அதுதான் முதல் முறை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அலுவலகத்துக்கு இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு கிலோமீட்டர். வளைவிலிருந்து வீட்டுக்கு இறக்கம். அவ்வளவுதான் நான் ஓட்டியது.

கருங்கலுக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு குளத்தங்கரை மேல் போகும் ரோட்டில், கார் நின்றது.

விக்கல் இல்லை, குலுக்கல் இல்லை. சத்தம் மட்டும் இல்லாமல் போனது. கார் தன் வேகத்திலேயே கொஞ்ச தூரம் மிதந்து போய், கரையோரப் புல்லில் ஒதுங்கி நின்றது. என் இடது கால் கிளட்ச்சில் இல்லை. அதைக் குனிந்து பார்த்து உறுதிசெய்தேன். கால் தரையில் இருந்தது.

சாவியைத் திருப்பினேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். பிடிக்கவில்லை.

சாரல் ஓய்ந்து ஒரு மங்கிய வெளிச்சம் குளத்தின் மேல் கிடந்தது. குளம் முழுக்கத் தாமரை இலை. இலைகளில் தண்ணீர் உருண்டு உருண்டு இடம் மாறிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சூடான என்ஜின் ஆறும்போது வரும் அந்தச் சின்ன டிக், டிக் ஓசை, குளத்தில் எங்கோ ஒரு நீர்க்கோழி, அக்கரையில் துணி துவைக்கும் சத்தம். துவைக்கிறவரின் கை உயர்ந்து இறங்கிய பிறகுதான் சத்தம் என்னிடம் வந்தது. அந்த இடைவெளியையே கேட்டுக்கொண்டிருந்தேன். கார் நின்றதும் மணி பார்த்தது மட்டும்தான், அதன்பின் கணக்கு வைக்கவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது.

அந்த நொடியில் என் ஸ்கூட்டர் பயணங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. ஏழு முறையும் நான் வந்து சேர்வதற்குள் என்ஜின் ஆறியிருந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை. என் கையில் ஒரு சிறப்பும் இருந்திருக்கவில்லை.

கருங்கல் சந்தை நெரிசலைத் தாண்டி ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வயரிங்காரர் ஒல்லியான மனிதர், காதில் ஒரு ஸ்குரூ டிரைவரைப் பேனா போலச் செருகியிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. அவர் தலையாட்டிக்கொண்டே வண்டிக்கு அடியில் போனார்.

"சாரே" என்றார் அடியிலிருந்து. "இங்க ஒரு வெள்ளச் சாமானம் தொங்குது. இது கம்பெனில வந்ததா?"

"இல்ல. நான் பூசுனது. ரப்பர் பால்."

அடியில் டார்ச் வெளிச்சம் அசைந்தது.

"எந்த மரத்துப் பாலு? நல்ல சாதி மரமா?"

"தோட்டத்துப் பால்."

"ஒறையதுக்கு என்ன விட்டிய?"

"ஆசிட். ரெண்டு சொட்டுதான்."

"அளந்தா விட்டிய?"

"அளந்துதான் விட்டேன்."

அவர் வெளியே வந்தார். கப்ளரைக் கையில் கொண்டுவந்திருந்தார். "அளந்து விட்டாலும் ஆசிட் ஆசிட்டாக்கும் சாரே. நான் கல்ஃப்ல பன்னண்டு வருசம் எல்லா நாட்டுக்காரன் செஞ்ச வேலையும் பாத்துட்டேன். சோப்பு வச்சு ஒட்டினவன் உண்டு, பேரீச்சம்பழம் வச்சு அடச்சவன் உண்டு. இத நம்ம ஊருக்காரன் மட்டும்தான் செய்வான்."

கப்ளரைப் பிரித்துக் காட்டினார். என்ஜின் சூட்டில் பால் உருகிப் பலாப்பழப் பிசின் போலாகியிருந்தது. உள்ளே கசிந்த பாலில் பின்கள் இரண்டிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பால் காய்ந்த ஒரு மெல்லிய தோல் பின்னுக்கும் வயருக்கும் நடுவே படிந்திருந்தது. சூடு ஏறும்போது பிசின் இளகும், பூட்டு நாக்கு இல்லாத கப்ளர் ஒரு மயிரிழை பின்வாங்கும், தொடர்பு அறும். ஆறும்போது இறுகி மறுபடி தொடும். அந்தப் பச்சையை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

அன்று மத்தியானம் முழுக்க அவர் வேலை செய்தார். மற்றக் கப்ளர்களையும் சோதித்தார். விரலால் லேசாக அமுக்கினாலே பப்படம் போல நொறுங்கின. மொத்தம் நான்கு புதிய கப்ளர் போட வேண்டியிருந்தது. ஒரு வயரை வெட்டி, புதியதோடு ஈயம் வைத்துப் பற்றவைத்து, அதன் மேல் உறை சுருக்கி முடித்த பிறகுதான் அடுத்த வயரைத் தொடுவார். எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டினால் எந்த நிற வயர் எதோடு என்பது மாறிப்போகும் என்றார். பாதிக்கப்பட்ட சென்சாரையும், கூடவே சூடு பார்க்கும் பழைய சென்சாரையும் மாற்றினார். ஈயம் உருகும் புகை, தகரக் கூரையில் மழை, பக்கத்துக் கடை ரேடியோவில் யாரோ மெதுவாகப் பேசும் குரல். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான் இடையில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. கண் விழித்தபோது கார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்ஜினைச் சூடேற்றி வைத்து, ஓடும்போதே ஒவ்வொரு கப்ளரையும் பிடித்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் மாறவே இல்லை.

கிளம்பும்போது கேட்டார்: "டீச்சர்ட்ட என்ன சொல்லப் போறிய? வேணும்னா நான் போன்ல சொல்லுதேன், கம்பெனி வயரிங் பழசாயி பெய்ட்டுன்னு. பொய்யும் இல்ல பாருங்க, பழசுதான."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீடு வரை இருபத்தைந்து கிலோமீட்டரும் யோசித்தேன். கார் ஓரிடத்திலும் நிற்கவில்லை. அது நின்றிருந்தால் யோசிக்க இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கும்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். குளத்தங்கரையில் நின்றது, ரப்பர் பால், ஆசிட், பச்சை பூத்த பின்கள். வரிசைப்படி சொன்னேன். அவள் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

"அப்போ ஏழு தடவையும் நான் இல்ல."

"இல்ல."

"நீங்களாக்கும்."

"நான்தான்."

"அந்த நோட்ட எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஜூன் மாதத்துப் பக்கங்களைத் திருப்பி ஒவ்வொன்றாக வாசித்தாள். கிளட்ச் பழக்கம் போதாது. பதற்றம். மீண்டும் கிளட்ச். பயிற்சி தேவை. என் எழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும். அன்றைக்கு அது ஒரு குறையாகத் தெரிந்தது.

"கோடு போட்டு அடிச்சிருதேன்" என்றேன்.

"அடிக்காதிய. எனக்கு வாசிக்கணும்னு தோணும்போ வாசிக்கேன்." நோட்டை மூடி என் கையில் தந்தாள். "ஒரு ஓட்ட வாளிக்குப் பூசுனத எனக்கும் பூசிட்டிய" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று இரவு சாப்பாட்டில் மீன்குழம்பு இருந்தது. எனக்கு வால்துண்டு மட்டும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துறக்கிறேன் என்ற தாள் இன்னும் மேசை மேல்தான் இருந்தது. ஓட்டிப் பார்க்கிறாயா என்று காலையில் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

"வண்டி செரியாச்சு. என் காலு செரியாகல. இப்பவும் அந்த வளைவ நெனச்சா மடங்கிப் போவுது."

மத்தியானம் மழை வலுத்தது. எனக்கு வேறொன்றும் தோன்றாமல், முற்றத்தில் காரில் ஏறி ஸ்டார்ட் செய்து, அப்படியே ஓட விட்டு, இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். சூடாகட்டும். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்போம். கண்ணாடிகளில் ஆவி படர்ந்து வெளியே வாழைகளும் கிணறும் பச்சைத் தீற்றல்களாக மாறின. அரை மணி நேரம் கழிந்திருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் வந்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரமா ஓடுது?"

"முப்பத்தி நாலு நிமிசம்."

என்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கொஞ்ச நேரத்தில் மழைச் சத்தத்தோடு கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் போனது. எங்களைச் சுற்றி ஊரே இல்லாதது போலிருந்தது. மூடுபனியில் எங்கோ நிறுத்திய ஒரு படகில் இருப்பது போல. அவள் கைகள் முதலில் மடியில் இருந்தன. பிறகு ஸ்டியரிங் மேல் இருந்தன. வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்து நின்றுவிட்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பது நிமிடம் ஆனபோது துண்டால் முன்கண்ணாடியின் ஆவியைத் துடைத்தாள். முதல் கியர் போட்டாள். கார் முற்றத்திலிருந்து இறங்கி ரோட்டுக்கு வந்தது. நான் செருப்புப் போடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை.

திற்பரப்பு தாண்டி ஏற்றம் தொடங்கியது. அவள் உதடுகள் அசைந்தன. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். கூர்ந்து கேட்டால் ஏழாம் வாய்ப்பாடு. வளைவு வந்தது, டீக்கடை வந்தது, கடைக்காரர் கையில் பால் பாத்திரத்தோடு எட்டிப் பார்த்தார். கார் நிற்காமல் அவரைக் கடந்து போனது. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஹாரன் மட்டும் ஒருமுறை அடித்தாள், வளைவில் அடிக்க வேண்டிய அளவுக்கு.

திங்கட்கிழமை அவள் கொடுத்தது ஏற்கிறேன் என்ற தாள். பழைய தாளை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

பொறுப்பேற்ற நாளில் நானும் கூடப் போனேன். புதுச் சேலை, பையில் ஒரு கிலோ மிட்டாய். பள்ளிக்கு முன்னால் கடைசி முக்கில் காரை ஓரமாக நிறுத்தினாள்.

"இங்க எறங்குங்க."

"ஏன்? இன்னும் அரைக் கிலோமீட்டர் இருக்கே."

"புது ஹெச்.எம்-ம புருசன் கொண்டு விட்டான்னு சொல்லுவாவ. பஸ்ஸு ஒன்பதே முக்காலுக்கு உண்டு. அதுல போயிருங்க."

இறங்கினேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். சேலைத் தலைப்பு கதவில் சிக்காமல் இழுத்து வைத்துக்கொண்டாள். கார் நகர்ந்தது. முதல் கியர், இரண்டாம் கியர். மூன்றாவதுக்கு மாற்றும்போது கிளட்ச்சை மெதுவாக, நான் விடுவதைவிட மெதுவாக விட்டாள். மூடுபனி இறங்கிய ரோட்டில் கார் மறைந்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தூரத்தில் பிள்ளைகளின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. நான் பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றேன்.